ஓவர்ஹால் முடித்த ஏ.டி.வி. எஞ்சினில் கம்ப்ரஷன் குறைவு: முக்கியக் குறிப்புகள்

பல ஆண்டு ஓடித் தேய்ந்த எஞ்சினில் கம்ப்ரஷன் குறைந்தால் தேய்மானத்தைத் தேடுகிறோம். ஓவர்ஹால் முடித்த எஞ்சினில் பிஸ்டன் புதிது, ரிங் புதிது, கேஸ்கட் புதிது. அங்கே கேஜ் முள் ஏறவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அளந்த முறையை, அடுத்து, பொருத்திய முறையை, கடைசியில்தான் பாகத்தை. ஐடிஐ மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு, ஆட்டோமொபைல் டிப்ளமோ, மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வு ஆகியவற்றுக்குப் படிப்பவர்களுக்காக இக்குறிப்புகள் அந்த வரிசையிலேயே தரப்படுகின்றன.

1. அடிப்படை

• நான்கு வீச்சுகள்: உறிஞ்சு வீச்சு, அமுக்க வீச்சு, திறன் வீச்சு, வெளியேற்று வீச்சு.

• ஒரு முழுச் சுழற்சிக்குக் கிராங்க்ஷாஃப்ட் 2 சுற்று (720 டிகிரி) சுற்றும். கேம்ஷாஃப்ட் 1 சுற்று சுற்றும். கேம்ஷாஃப்டின் வேகம் கிராங்க்ஷாஃப்டின் வேகத்தில் பாதி.

• நான்கு வீச்சுக் கொள்கைக்கு 1862-இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சின் அல்ஃபோன்ஸ் பியூ டி ரோஷா. 1876-இல் அதைச் செயல்படும் எஞ்சினாக்கியவர் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ.

• அமுக்க வீச்சில் காற்றை அடைத்து வைப்பவை மூன்று: வால்வும் அதன் சீட்டும், ரிங்கும் சிலிண்டர் சுவரும், ஹெட் கேஸ்கட். ஸ்பார்க் பிளக் இருக்கையையும் சேர்த்தால் நான்கு. பாகங்களில் வெடிப்பு இல்லாவிட்டால், காற்று இவற்றில் ஒன்றின் வழியாகத்தான் கசிய வேண்டும்.

• காற்று எங்கும் கசியாமலே கம்ப்ரஷன் குறையவும் கூடும். கேம் டைமிங் தவறினால் சிலிண்டரில் அடைபடும் காற்றே குறைந்துவிடும். கேஸ்கட் தடிமன் கூடினால் அமுக்க விகிதம் குறையும்.

2. ஏ.டி.வி. (எல்லாத் தரையிலும் ஓடும் வாகனம்) வரலாறு சுருக்கமாக

• 1970: ஹோண்டா நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்கு யுஎஸ்90 என்ற மூன்று சக்கர வாகனத்தைக் கொண்டுவந்தது. பின்னர் இது ஏடிசி90 எனப் பெயர் பெற்றது.

• 1983 மாடல்: சுஸுகி குவாட்ரன்னர் எல்டி125, நான்கு சக்கர ஏ.டி.வி.களின் முன்னோடி.

• 1988: அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தொடர்ந்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டால் அங்கே புதிய மூன்று சக்கர ஏ.டி.வி. விற்பனை நின்றது.

• 1999: ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ் வந்தது. இக்குறிப்புகளின் கணக்குகளுக்கு இந்த எஞ்சினையே எடுத்துக்கொள்கிறோம்.

3. மாதிரி எஞ்சின்: ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ்

• வகை: ஒற்றைச் சிலிண்டர், நான்கு வீச்சு, காற்றால் குளிர்விக்கப்படுவது, ஹெட்டில் ஒரே கேம்ஷாஃப்ட், நான்கு வால்வு.

• போர் 85 மி.மீ.; ஸ்ட்ரோக் 70 மி.மீ.; கொள்ளளவு 397 சிசி; அமுக்க விகிதம் 9.1 : 1.

• வால்வு இடைவெளி: உள்வால்வு 0.10 மி.மீ.; வெளிவால்வு 0.12 மி.மீ. எஞ்சின் ஆறிய நிலையில் அளக்க வேண்டும்.

• ஒப்பிட: ஹோண்டா டிஆர்எக்ஸ்300-இன் போர் 74, ஸ்ட்ரோக் 65.5 மி.மீ., கொள்ளளவு 282 சிசி. யமஹா ராப்டர் 660-இன் போர் 100, ஸ்ட்ரோக் 84 மி.மீ.; ஐந்து வால்வு (உள்வால்வு 3, வெளிவால்வு 2).

4. அமுக்க விகிதம் வேறு, கேஜ் காட்டும் அழுத்தம் வேறு

• அமுக்க விகிதம் = (வீச்சுக் கனஅளவு + எரியறைக் கனஅளவு) ÷ எரியறைக் கனஅளவு. விகிதம் என்பதால் இதற்கு அலகு இல்லை.

• கம்ப்ரஷன் அழுத்தத்துக்கு அலகு உண்டு: பிஎஸ்ஐ, பார், கிலோபாஸ்கல், கிலோகிராம்/சதுர செ.மீ.

• 1 பார் = 100 கிலோபாஸ்கல் = 14.5 பிஎஸ்ஐ.

• 1 கிலோகிராம்/சதுர செ.மீ. = 98.07 கிலோபாஸ்கல் = 14.22 பிஎஸ்ஐ.

• 1 வளிமண்டல அழுத்தம் = 101.325 கிலோபாஸ்கல் = 14.7 பிஎஸ்ஐ.

• விகிதத்தை 14.7-ஆல் பெருக்கினால் கேஜ் அளவு வந்துவிடும் என்பது தவறான கணக்கு. அமுக்கும்போது காற்று சூடேறுவதால் அழுத்தம் விகிதத்தைவிடக் கூடுதலாக ஏற முயலும். உள்வால்வு கீழ் முடிவு நிலையைத் தாண்டிய பிறகே மூடுவதாலும், சிலிண்டர் சுவர் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதாலும் அந்த ஏற்றம் குறையும். எனவே விகிதத்தை மட்டும் வைத்து அழுத்தத்தைச் சொல்ல முடியாது. அந்த மாடலின் சர்வீஸ் கையேடு தரும் அளவே அளவுகோல்.

• பெட்ரோல் எஞ்சின்களின் அமுக்க விகிதம் பொதுவாக 8 முதல் 12 வரை; டீசலில் பொதுவாக 14 முதல் 22 வரை.

5. கம்ப்ரஷன் சோதனை: சரியான முறை

• எஞ்சின் இயங்கும் நிலையில் இருந்தால் சூடாக்கிய பின் சோதிக்க வேண்டும். இயங்காத எஞ்சினில் ஆறிய நிலையில்தான் சோதிக்க முடியும். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

• பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும் (ஓய்வு நிலையில் சுமார் 12.6 வோல்ட்). கிராங்க் மெதுவாகச் சுற்றினால் கசிவுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். கேஜ் குறைத்துக் காட்டும்.

• ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்ற வேண்டும். ஏ.டி.வி. சேற்றிலும் மணலிலும் ஓடும் வண்டி. ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் புதிய போரில் கீறல் விழும்.

• கழற்றிய பிளக்கை அதன் கேப்பில் செருகி எஞ்சின் உடலோடு எர்த் செய்ய வேண்டும். எர்த் இல்லாமல் கிராங்க் செய்தால் இக்னிஷன் காயிலும் சிடிஐ யூனிட்டும் கெடலாம். பிளக் துளைக்கு அருகே தீப்பொறி பறக்காதபடி தள்ளி வைக்க வேண்டும்.

• பெட்ரோல் டேப்பை மூட வேண்டும்.

• கேஜ் அடாப்டரின் மரை, பிளக் துளையின் மரையோடு பொருந்த வேண்டும். இவ்வகை எஞ்சின்களில் 10, 12, 14 மி.மீ. மரைகள் வழக்கத்தில் உள்ளன. அடாப்டரின் ஓ-ரிங் கிழிந்திருந்தால் கசிவு கேஜிலேயே இருக்கிறது என்று பொருள்.

• கேஜ் ஹோஸின் ஒருவழி வால்வு பிளக் துளைப் பக்கம் இருக்க வேண்டும். அது மீட்டர் பக்கம் இருந்தால் ஹோஸின் உள்ளிடமும் எரியறையோடு சேர்ந்துவிடும். சிறிய சிலிண்டரில் அளவு கணிசமாகக் குறையும்.

• த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடிக்க வேண்டும். மூடிய த்ராட்டிலில் சிலிண்டருக்குள் போதிய காற்று நுழையாது. ஓவர்ஹால் முடித்த எஞ்சினில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

• முள் இனி ஏறாது என்ற நிலை வரும்வரை கிராங்க் செய்ய வேண்டும். பொதுவாக 5 முதல் 7 அமுக்க வீச்சுகள் போதும்.

• முள் ஏறும் விதத்தையும் கவனிக்க வேண்டும். முதல் வீச்சில் குறைவாகத் தொடங்கி ஒவ்வொரு வீச்சுக்கும் படிப்படியாக ஏறினால் ரிங் பக்கம் சந்தேகம். முதல் வீச்சில் குறைந்து, பிறகும் ஏறாமல் நின்றால் வால்வு பக்கம் சந்தேகம்.

6. கோளாறு இல்லாமலே அளவு குறையும் இடங்கள்

• டீகம்ப்ரஷர்: ஸ்டார்ட் செய்வது எளிதாகும்படி, கிராங்க் வேகத்தில் வெளிவால்வைச் சிறிதளவு தூக்கிப் பிடிக்கும் அமைப்பு. பெரிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் இது கேம்ஷாஃப்டிலேயே இருக்கும். எஞ்சின் வேகம் பிடித்ததும் தானாக விலகிக்கொள்ளும்.

• டீகம்ப்ரஷர் வேலை செய்யும் எஞ்சினில் கேஜ் அளவு இயல்பாகவே குறைவு. “100 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் எஞ்சின் போச்சு” என்ற பட்டறைப் பேச்சு இங்கே பொருந்தாது. கையேட்டில் உள்ள அளவு டீகம்ப்ரஷரோடு எடுத்ததா, இல்லாமல் எடுத்ததா என்று பார்த்தே ஒப்பிட வேண்டும்.

• டீகம்ப்ரஷரின் ஸ்பிரிங்கைத் தவறாக மாட்டினாலோ அதன் பின் சிக்கிக்கொண்டாலோ எஞ்சின் ஓடும்போதும் வெளிவால்வு தூக்கியே நிற்கும். அப்போது அளவு குறைவது உண்மையான கோளாறு.

• எதிர்மாறாக, அளவு கையேட்டைவிட அதிகமாக இருந்தால் இரண்டு காரணங்கள் முதன்மையானவை: எரியறையில் கரி படிதல், டீகம்ப்ரஷர் வேலை செய்யாமை.

• கடல் மட்டத்திலிருந்து உயரம்: வளிமண்டல அழுத்தம் குறையக் குறையக் கேஜ் அளவும் அதே விகிதத்தில் குறையும். அமெரிக்காவின் டென்வர் நகரம் சுமார் 1,609 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 82 விழுக்காடு. கடல் மட்டத்தில் 150 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின் அங்கே ஏறத்தாழ 123 பிஎஸ்ஐதான் காட்டும். எஞ்சினில் பழுது இல்லை.

• கார்புரேட்டர் வழிந்து பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கினால் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலம் கழுவப்படும். நல்ல ரிங்கும் கசியும்.

7. வால்வு இடைவெளி: திறக்காமலே கண்டுபிடிக்கும் முதல் காரணம்

• இடைவெளி தேவைக்குக் குறைந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் குறையும். இடைவெளி கூடினால் டேப்பட் சத்தம் வரும். வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும்.

• வால்வு சீட்டை வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் ஆழமாக உட்காரும். தண்டின் நுனி ராக்கர் பக்கம் உயரும். எனவே இடைவெளி குறையும். சீட் வேலை செய்த பின் பழைய அட்ஜஸ்ட்மென்டை அப்படியே விடுவது ஓவர்ஹாலில் அடிக்கடி நேரும் தவறு.

• அளக்கும் நிலை: அமுக்க வீச்சின் மேல் முடிவு நிலை, அதாவது டிடிசி. ஃபிளைவீலில் ‘டி’ குறி நேராக வரும். அப்போது ராக்கர்கள் அனைத்தும் சிறிது ஆட வேண்டும். ஆடாமல் இறுகி நின்றால் அது வெளியேற்று வீச்சின் முடிவாக இருக்கலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி மீண்டும் பார்க்க வேண்டும்.

• ஃபிளைவீலில் ‘எஃப்’ குறி என்பது தீப்பொறி நேரம். ‘டி’ குறி என்பது மேல் முடிவு நிலை. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் மாற்றிப் படிக்கும் வாய்ப்பு அதிகம்.

• கருவி: ஃபீலர் கேஜ். லாக்நட்டை இறுக்கிய பின் மீண்டும் ஒரு முறை அளக்க வேண்டும். இறுக்கும்போது திருகு நகரக்கூடும்.

8. கேம் டைமிங்

• டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டால் உள்வால்வு மூடும் நேரம் மாறும். தாமதமாக மூடினால், அமுக்க வீச்சில் மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றை மீண்டும் உள்வழியிலேயே தள்ளிவிடும். கசிவு எங்கும் இருக்காது. அளவு மட்டும் குறையும்.

• கேம் தாமதமானால் கிராங்க் வேகத்தில் கம்ப்ரஷன் குறையும், முந்தினால் கூடும்.

• சரிபார்ப்பு: ‘டி’ குறி நேராக உள்ளபோது கேம் ஸ்பிராக்கெட்டின் குறிக்கோடுகள் கையேடு சொல்லும் இடத்தில், பெரும்பாலும் ஹெட்டின் மேல்தளத்துக்கு நேராக, இருக்க வேண்டும்.

• செயின் டென்ஷனரைப் பொருத்திய பிறகே குறிகளை இறுதியாகச் சரிபார்க்க வேண்டும். செயின் தளர்வு நீங்கும்போது ஸ்பிராக்கெட் சற்று நகரும்.

• பொருத்தியதும் ஸ்டார்ட்டரை அழுத்தக்கூடாது. கையால் 2 சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் கெட்டியாக முட்டினால் பிஸ்டனும் வால்வும் மோதுகின்றன என்று பொருள்; அழுத்திச் சுற்றினால் வால்வு வளையும்.

• கேம் சரியாக 180 டிகிரி மாறி மாட்டப்பட்டால் அது கிராங்கின் 360 டிகிரிக்குச் சமம். பிஸ்டன் அதே மேல் நிலையில்தான் இருக்கும். எனவே இத்தவறால் கம்ப்ரஷன் குறையாது. ஒவ்வொரு கிராங்க் சுற்றிலும் தீப்பொறி தரும் இக்னிஷன் உள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அப்படியே ஓடவும் செய்யும்.

9. ஈரச் சோதனை

• முதல் அளவை எடுத்த பின், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி (சுமார் 5 மி.லி.) எஞ்சின் எண்ணெய் விட்டு, சில முறை சுற்றிவிட்டு, மீண்டும் அளப்பது ஈரச் சோதனை.

• அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர். மாறாமல் நின்றால் வால்வு, ஹெட் கேஸ்கட் அல்லது டைமிங்.

• எண்ணெய் அதிகமானால் எரியறையின் இடத்தை எண்ணெயே பிடித்துக்கொள்ளும். அளவு பொய்யாக ஏறும்.

• ஓவர்ஹால் செய்யும்போது சிலிண்டரில் தடவிய எண்ணெய் இன்னும் இருந்தால், உலர் சோதனையே ஈரச் சோதனை போல நடந்துகொள்ளும். எனவே புதிதாகக் கட்டிய எஞ்சினில் ஈரச் சோதனை முடிவை மட்டும் நம்பி ரிங்கில் பழுதில்லை என்று முடிவு செய்யக்கூடாது.

10. கசிவுச் சோதனை: இடத்தைக் காட்டும் சோதனை

• கம்ப்ரஷன் சோதனை ‘எவ்வளவு’ என்று சொல்லும். கசிவுச் சோதனை ‘எங்கே’ என்று சொல்லும்.

• அமுக்க வீச்சின் மேல் முடிவு நிலையில் கிராங்கை நிறுத்தி, பிளக் துளை வழியாக அளவான காற்றழுத்தம் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பதே முறை. 100 பிஎஸ்ஐ செலுத்தி 78 தங்கினால் கசிவு 22 விழுக்காடு.

• ரிங் இடைவெளி வழியாகச் சிறிதளவு எப்போதும் கசியும். 0 விழுக்காடு எதிர்பார்க்கக்கூடாது. 10 விழுக்காட்டுக்குள் நல்லது. 10 முதல் 20 வரை ஏற்கலாம். 30-ஐத் தாண்டினால் பழுது என்பது பட்டறைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

• காற்றழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும்; கிராங்க் திடீரெனச் சுழலும். கிராங்கை உறுதியாகப் பிடிக்காமல் காற்றைத் திறக்கக்கூடாது.

• இந்தச் சோதனைக்கு ஸ்டார்ட்டர் வேகமும் த்ராட்டில் நிலையும் தேவையில்லை. ஆகவே கேஜ் அளவில் ஐயம் வந்தால் இதுவே தீர்ப்பு.

| காற்று வெளிப்படும் இடம் | பழுது |
|---|---|
| கார்புரேட்டர் வாய் | உள்வால்வு |
| சைலன்சர் குழாய் | வெளிவால்வு |
| கிராங்க்கேஸ் பிரீதர் அல்லது எண்ணெய் ஊற்றும் துளை | ரிங், சிலிண்டர் அல்லது பிஸ்டன் |
| ஹெட் இணைப்பைச் சுற்றிச் சோப்பு நீரில் குமிழி | ஹெட் கேஸ்கட் |
| ரேடியேட்டரில் குமிழி (நீரால் குளிரும் எஞ்சின்) | ஹெட் கேஸ்கட் அல்லது வெடிப்பு |
| எங்கும் கசிவு இல்லை, அளவு மட்டும் குறைவு | டைமிங், டீகம்ப்ரஷர், தடித்த கேஸ்கட், சோதனை முறை |

11. வால்வும் சீட்டும்

• வால்வு முகத்தின் கோணம் பெரும்பாலும் 45 டிகிரி. சீட் வெட்டும் மூன்று கட்டர் கோணங்கள்: 32, 45, 60 டிகிரி. நடுவில் உள்ள 45 டிகிரித் தளமே வால்வு உட்காரும் இடம். மற்ற இரண்டும் அதன் அகலத்தையும் இடத்தையும் சரிசெய்பவை.

• கழற்றாத வால்வைச் சோதிக்க: ஹெட்டைத் தனியே எடுத்து, உள்வழியிலும் வெளிவழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றி எரியறைப் பக்கம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

• லேப்பிங் பேஸ்டைக் கழுவாமல் விட்டால் அது எண்ணெயோடு சேர்ந்து ரிங்கையும் பேரிங்கையும் அரிக்கும்.

• 2004 யமஹா ஒய்எஃப்ஸெட்450 போன்ற டைட்டானியம் வால்வு எஞ்சின்களில் வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்க்கக்கூடாது, மேல்பூச்சு போய்விடும். சீட்டைத்தான் வெட்ட வேண்டும். வால்வு கெட்டால் மாற்ற வேண்டும்.

• வால்வு கைடு தேய்ந்தால் முதலில் தெரிவது நீலப் புகை. கைடு ஆடுவதால் வால்வு கோணலாக உட்கார்ந்து பிறகு கம்ப்ரஷனும் குறையும்.

12. ரிங்கும் சிலிண்டரும்

• ரிங் முனை இடைவெளி: ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் அளப்பது. பிஸ்டனில் மாட்டிய பிறகு அளக்க முடியாது.

• பொது விதி: மேல் ரிங் இடைவெளி = போர் × 0.004. போர் 85 மி.மீ. எனில் 0.34 மி.மீ. கையேட்டில் தனி அளவு இருந்தால் அதுவே முதன்மை.

• இடைவெளி மிகக் குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும், சுவர் கீறும்.

• போர் அளவும் ரிங் அளவும் பொருந்தாவிட்டால் இடைவெளி, விட்ட வேறுபாட்டின் 3.14 மடங்கு கூடும். 0.50 மி.மீ. ஓவர்சைஸ் போரில் ஸ்டாண்டர்ட் ரிங் மாட்டினால் கூடும் இடைவெளி 1.57 மி.மீ. பெட்டியில் இருக்கும் ரிங் எந்த அளவு என்று படிக்காமல் மாட்டினால் நேர்வது இதுதான்.

• வழக்கமான ஓவர்சைஸ் வரிசை: 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ.

• ரிங்கில் உள்ள குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். ரிங் முனைகள் ஒன்றுக்கொன்று சுமார் 120 டிகிரி விலகி இருக்க வேண்டும். மூன்று துண்டு எண்ணெய் ரிங்கில் நடு ஸ்பேசரின் முனைகள் முட்டி நிற்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது.

• பிஸ்டன் தலையில் ‘இன்’ என்ற குறி இருந்தால் அது உள்வால்வுப் பக்கம் வர வேண்டும். மாற்றினால் வால்வுக் குழிகள் வால்வுகளுக்கு நேராக இருக்காது.

• சிலிண்டரை 3 உயரங்களில், ஒவ்வொன்றிலும் 2 திசைகளில், ஆக 6 இடங்களில் போர் கேஜால் அளக்க வேண்டும். மேலும் கீழும் வேறுபட்டால் டேப்பர். திசைக்குத் திசை வேறுபட்டால் நீள்வட்டத் தேய்மானம்.

• பிஸ்டனை அதன் பாவாடைப் பகுதியில், பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் அளக்க வேண்டும்.

• ஹோனிங் செய்த சுவரில் கோடுகள் சுமார் 45 முதல் 60 டிகிரிக் கோணத்தில் குறுக்கும் மறுக்குமாக இருக்க வேண்டும். எண்ணெயைப் பிடித்து வைப்பதும், ரிங்கைப் பதிய வைப்பதும் இக்கோடுகளே.

• ஹோனிங் முடிந்த சிலிண்டரைச் சூடான சோப்பு நீரில் கழுவ வேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ மட்டும் துகளை முழுதாக அகற்றாது. வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படியாத வரை கழுவ வேண்டும்.

• நிக்கசில் பூச்சுச் சிலிண்டரை இரும்புச் சிலிண்டர் போல ரீபோர் செய்ய முடியாது. நிக்கசில் 1967-இல் ஜெர்மனியின் மாலே நிறுவனம் உருவாக்கிய நிக்கல்–சிலிக்கன் கார்பைடு பூச்சு.

13. ஹெட்டும் கேஸ்கட்டும்

• ஹெட்டின் தளம் வளைந்திருக்கிறதா என்பதை நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் கொண்டு, நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் பார்க்க வேண்டும்.

• போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால், குறுக்கு வரிசையில், பல கட்டங்களாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் ஹெட் சாயும்.

• ஒரு முறை நசுங்கிய கேஸ்கட்டை மீண்டும் போடக்கூடாது. டவல் பின்களை மறந்தால் கேஸ்கட் நகரும்.

14. ரிங் பதியும் காலம்

• புதிய ரிங் முதல் நாளிலேயே சுவரோடு முழுதாகப் படிவதில்லை. எரிவாயு அழுத்தம் ரிங்கின் பின்புறம் நுழைந்து அதைச் சுவரோடு அழுத்துவதால்தான் அது பதிகிறது.

• ஆகவே கட்டி முடித்த உடனே எடுக்கும் அளவு, சில மணி நேரம் ஓடிய பின் எடுக்கும் அளவைவிடக் குறைவாக இருக்கலாம். சிறு குறைவுக்காக எஞ்சினைப் பிரிக்கக்கூடாது. பெரிய குறைவுக்கு ‘பதியட்டும்’ என்று காத்திருக்கவும் கூடாது.

• நீண்ட நேரம் ஐடிலில் ஓடவிட்டால் அழுத்தம் போதாமல் ரிங் பதியாது, சுவர் வழவழப்பாகிவிடும். அதன் பின் மீண்டும் ஹோனிங் தேவைப்படும்.

15. கணக்கு மாதிரிகள்

• கணக்கு 1: போர் 8.5 செ.மீ., ஸ்ட்ரோக் 7 செ.மீ. வீச்சுக் கனஅளவு = 0.7854 × 8.5 × 8.5 × 7 = 397.2 சிசி.

• கணக்கு 2: அமுக்க விகிதம் 9.1 எனில் எரியறைக் கனஅளவு = 397.2 ÷ (9.1 − 1) = 49.0 சிசி.

• கணக்கு 3: கேஸ்கட் தடிமன் 1 மி.மீ. கூடினால் சேரும் இடம் = 0.7854 × 8.5 × 8.5 × 0.1 = 5.7 சிசி. புதிய எரியறை 54.7 சிசி. புதிய விகிதம் = (397.2 + 54.7) ÷ 54.7 = 8.26.

• கணக்கு 4: கேம் ஸ்பிராக்கெட்டில் 36 பற்கள் எனில் ஒரு பல் தவறினால் கேமில் 360 ÷ 36 = 10 டிகிரி; கிராங்கில் 20 டிகிரி.

16. ஒரு வரி வினா விடை

1. கம்ப்ரஷன் சோதனையில் த்ராட்டில் நிலை? முழுத் திறப்பு.
2. ஈரச் சோதனையில் அளவு ஏறினால்? ரிங் அல்லது சிலிண்டர் பழுது.
3. கசிவுச் சோதனையில் கார்புரேட்டர் வழியாகக் காற்று வந்தால்? உள்வால்வு கசிவு.
4. பிரீதர் வழியாக வந்தால்? ரிங், சிலிண்டர் அல்லது பிஸ்டன் வழிக் கசிவு.
5. டீகம்ப்ரஷர் பொதுவாகத் தூக்கும் வால்வு? வெளிவால்வு.
6. சீட் வெட்டினால் வால்வு இடைவெளி? குறையும்.
7. வால்வு இடைவெளி அளக்கும் கருவி? ஃபீலர் கேஜ்.
8. கேம் தாமதமானால் கிராங்க் கம்ப்ரஷன்? குறையும்.
9. 10 பார் எத்தனை பிஎஸ்ஐ? 145.
10. அமுக்க விகிதத்தின் அலகு? அலகு இல்லை.
11. ரிங் முனைகளுக்கு இடையே விலகல்? சுமார் 120 டிகிரி.
12. கேம் 180 டிகிரி மாறினால் கம்ப்ரஷன்? மாறாது.

தேர்வருக்கு

“கம்ப்ரஷன் குறைவுக்குக் காரணங்கள் கூறுக” என்ற வினாவுக்குப் பாகங்களின் பெயரை மட்டும் அடுக்க வேண்டாம். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே அதைக் காட்டிக்கொடுக்கும் சோதனையையும் எழுதுங்கள். கணக்கில் எண்ணோடு அலகையும் எழுதுங்கள். பட்டறை வகுப்பில் ஒரு முறையாவது த்ராட்டிலை மூடியும் திறந்தும் ஒரே எஞ்சினை அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவர் இந்தப் பகுதியைத் தேர்வறையில் மறக்க மாட்டார்.